டி.என்.பி. படிக்கலாமா? அமெரிக்க நர்சிங் டாக்டரேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து அமெரிக்கா வந்தவள் நான். பல வருடம் வார்டில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்), அப்புறம் எம்.எஸ்.என். (நர்சிங் முதுநிலைப் பட்டம்) முடித்து குடும்பங்களுக்கான நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயாளிகளைத் தானே பரிசோதித்து மருந்து எழுதும் உயர்நிலை நர்ஸ்; நாற்பதைத் தாண்டிய பிறகு டி.என்.பி. அன்றிலிருந்து ஊரிலிருந்தும் இங்கிருந்தும் தம்பி தங்கைகள் போனில் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, டி.என்.பி. என்றால் என்ன? டாக்டருக்குப் படிப்பது போலவா?

'டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ்' என்பதன் சுருக்கம். நர்சிங்கில் முனைவர் பட்டம் இரண்டு பாதையில் கிடைக்கும். ஒன்று ஆராய்ச்சிக்கான பி.எச்.டி., இன்னொன்று பணிக்கான டி.என்.பி. இதைப் படித்தால் எம்.டி. ஆக மாட்டீர்கள், அறுவை சிகிச்சை செய்ய மாட்டீர்கள். நர்ஸாகவே இருப்பீர்கள், நர்சிங் லைசென்ஸில்தான் வேலை செய்வீர்கள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் மனத்தில் வேறொரு படம் இருக்கிறது.

பி.எச்.டி.க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

படுக்கைப் புண்ணை வைத்துச் சொல்கிறேன். எந்த மெத்தை நல்லது, எந்தத் தோலுக்கு எவ்வளவு அழுத்தம் ஆபத்து என்று யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்க முயல்பவர் பி.எச்.டி. மாணவர். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தால் புண் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நம் வார்டில் நள்ளிரவு 3 மணிக்கு ஏன் யாரும் திருப்புவதில்லை என்று கேட்பவர் டி.என்.பி. மாணவர். விசாரித்துப் பார்த்தால் சோம்பல் காரணமாக இருக்காது. கனத்த நோயாளியைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும்; இரண்டாவது நர்ஸ் அடுத்த கோடியில் ஐ.வி. பம்ப் அலறுவதைப் பார்க்கப் போயிருப்பார். அந்த இரண்டாவது ஆளை அந்த நேரத்துக்கு எப்படி வரவைப்பது என்பதுதான் டி.என்.பி.யின் பாடம்.

ஆராய்ச்சியில் நிரூபணமான ஒன்று நடைமுறைக்கு வந்து சேர 17 ஆண்டு ஆகிறது என்று மருத்துவ உலகில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒரு கணக்கு உண்டு. எல்லா விஷயத்துக்கும் அது பொருந்தாவிட்டாலும், அந்த இடைவெளியில் வேலை செய்யத்தான் இந்தப் பட்டம்.

உங்களுக்கு எது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை: ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கும்போது 'இதை வேறு மாதிரி ஆராய்ந்திருக்கலாமே' என்று தோன்றினால் பி.எச்.டி. 'இதை நம் வார்டில் திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாமே' என்று தோன்றினால் டி.என்.பி.

எப்போதிலிருந்து இருக்கிறது? கட்டாயமாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேனே?

நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணியே 1965ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது. பணி சார்ந்த நர்சிங் டாக்டரேட்டுக்கு 1979லேயே கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் ஒரு முயற்சி செய்தது. இன்றைய பெயரில், இன்றைய வடிவில் முதல் மாணவர்களைச் சேர்த்தது கென்டக்கி பல்கலைக்கழகம், 2001ல்.

நீங்கள் கேள்விப்பட்ட 'கட்டாயம்' 2004 அக்டோபரில் பிறந்தது. நர்ஸ் பிராக்டிஷனர் போன்ற உயர்நிலைப் பணிகளுக்கு 2015க்குள் டி.என்.பி.யே நுழைவுப் பட்டமாக வேண்டும் என்று அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கம் அப்போது தீர்மானித்தது. சங்கம் தீர்மானம் போடலாம். லைசென்ஸ் கொடுப்பது மாநில நர்சிங் போர்டுகள். 2015 வந்தது, போனது, எம்.எஸ்.என். படித்தவர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதை மாநிலங்கள் நிறுத்தவில்லை. 2018ல் நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர்களின் அமைப்பு 2025 என்று புதுக் கெடு வைத்தது. அதுவும் போய்விட்டது. ஆகவே 'இப்போதே சேராவிட்டால் கதவு மூடிவிடும்' என்று எந்தக் கல்லூரி ஆள் போனில் சொன்னாலும் பதறாதீர்கள்.

அப்படியானால் யாருக்குத்தான் கட்டாயம்?

மயக்க மருந்து நர்ஸ் ஆக விரும்புபவர்களுக்கு. அந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் கவுன்சில், 2022 ஜனவரி 1க்குப் பிறகு சேரும் எல்லோரும் டாக்டரேட் படிப்பில்தான் சேர வேண்டும் என்று விதித்துவிட்டது. டி.என்.பி. அல்லது அதற்கு இணையான, மயக்க மருந்துக்கென்றே உள்ள டாக்டரேட். சேர்வதற்கே குறைந்தது ஓராண்டு தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவம் வேண்டும். நடைமுறையில் போட்டி கடுமை என்பதால் அதற்கு மேல் இருப்பவர்களே இடம் பிடிக்கிறார்கள். மூன்று ஆண்டுக்குள் குறைந்தது 600 கேஸ், 2000 மணி நேரம் கிளினிக்கல். அந்தக் காலத்தில் வேலைக்குப் போகும் நினைப்பையே விட்டுவிட வேண்டும்.

மற்ற மூன்று உயர்நிலைப் பணிகளான நர்ஸ் பிராக்டிஷனர், மகப்பேறு நர்ஸ், கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் ஆகியவற்றுக்கு எம்.எஸ்.என். போதும். ஆனால் பல கல்லூரிகள் தங்கள் எம்.எஸ்.என். பாதையை மூடிவிட்டு நேரடி டி.என்.பி. மட்டும் நடத்துகின்றன. விதி கட்டாயப்படுத்தாததைக் கல்லூரி கட்டாயப்படுத்தும் நிலை இது. இன்று 400க்கும் மேற்பட்ட டி.என்.பி. படிப்புகள் இருக்கின்றன. நர்சிங் பி.எச்.டி. சேர்க்கையோ பத்து ஆண்டுக்கு மேலாகத் தேய்ந்துகொண்டே வருகிறது. நாளைக்கு நர்சிங் ஆராய்ச்சியை யார் செய்வார்கள் என்ற கவலை எனக்கு உண்டு, ஆனால் அது வேறு கட்டுரை.

எத்தனை வருடம்?

பி.எஸ்.என். என்ற நர்சிங் இளநிலைப் பட்டத்திலிருந்து நேராகப் போனால் முழுநேரத்தில் மூன்று முதல் நான்கு வருடம். எம்.எஸ்.என். முடித்தவருக்கு முழுநேரம் ஒன்று முதல் இரண்டு வருடம். வேலை பார்த்துக்கொண்டே என்றால் இரண்டரை, மூன்று. கல்லூரிக் கையேட்டில் போட்டிருப்பதோடு ஒரு பருவத்தை (செமஸ்டரை) கூட்டிக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே வரும்.

1000 மணி நேரம் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

பி.எஸ்.என்.னுக்குப் பிறகு டி.என்.பி. முடியும்வரை மேற்பார்வையில் செய்யும் பணிப் பயிற்சி மொத்தம் 1000 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். எம்.எஸ்.என்.னில் செய்த மணி நேரம் இதில் சேரும். அங்கே 600 மணி நேரம் முடித்திருந்தால் டி.என்.பி.யில் மீதி 400. பழைய கல்லூரியிலிருந்து கையெழுத்திட்ட கணக்கு வாங்கி வைத்திருங்கள். என் தோழி ஒருத்தி படித்த கல்லூரி பெயர் மாறி, அலுவலர்கள் மாறி, அந்தக் கடிதம் கைக்கு வருவதற்குள் ஒரு பருவமே ஓடிவிட்டது.

நர்ஸ் பிராக்டிஷனர் பாதையில் வருபவர்களுக்கு, 2022ல் வந்த தேசியத் தரநிலைப்படி, நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் மணி நேரம் மட்டும் குறைந்தது 750. நீங்கள் ஆர்.என்.ஆகச் சம்பளத்துக்குச் செய்யும் டியூட்டி இதில் சேராது. வழக்கமாக வருகிற அடுத்த கேள்வி அதுதான் என்பதால் இப்போதே சொல்லிவிட்டேன்.

பிரிசெப்டர் கிடைப்பது கஷ்டமா?

பிரிசெப்டர் என்றால் பயிற்சி நேரத்தில் உங்களை மேற்பார்வை செய்பவர். இந்தப் படிப்பிலேயே கஷ்டமானது அவர் கிடைப்பதுதான். பாடம் கஷ்டமில்லை, புள்ளியியல் கஷ்டமில்லை. உங்களை அருகில் உட்கார வைத்து, உங்கள் குறிப்புகளைத் திருத்தி, பருவம் முழுக்க உங்களால் தன் வேகம் குறைவதைப் பொறுத்துக்கொள்ள ஒரு நர்ஸ் பிராக்டிஷனரோ மருத்துவரோ வேண்டும். பெரும்பாலும் அவருக்கு அதற்காக ஒரு டாலர்கூடக் கிடைக்காது.

சில கல்லூரிகள் இடம் பிடித்துக் கொடுக்கும். சில, 'மாணவரே ஏற்பாடு செய்ய வேண்டும்' என்று கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். நான் எம்.எஸ்.என். படித்தபோது இரண்டாவது வகையில் மாட்டினேன். குழந்தைகள் நலச் சுற்றுக்காக முப்பதுக்கும் மேற்பட்ட கிளினிக்குகளுக்குப் போன் செய்தேன். 'ஏற்கெனவே மாணவர் இருக்கிறார்', 'எங்கள் நிறுவனம் அனுமதிப்பதில்லை', சில இடங்களில் பதிலே இல்லை. கடைசியில் கை கொடுத்தது, எங்கள் தெருவில் தினமும் நாயோடு நடக்கும் ஒரு பெண்மணி. நான் ஸ்கிரப்ஸில் களைத்துப்போய் நிற்பதைப் பார்த்து விசாரித்தார். அவர் ஒரு குழந்தை மருத்துவரிடம் வரவேற்பாளராக இருந்தார். தேசிய அங்கீகாரம் பெற்ற ஒரு படிப்பில் என் ஒரு பருவத்தின் தலையெழுத்து அந்த நாயின் நடைநேரத்தைப் பொறுத்திருந்தது.

இடம் கிடைத்தாலும் கல்லூரிக்கும் கிளினிக்குக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். வக்கீல்கள் கையில் போனால் மாதக் கணக்கில் நிற்கும். மேலே ஒரு பருவம் கூட்டச் சொன்னதற்கு முதல் காரணம் இது.

புராஜெக்ட் என்றால் தீசிஸா?

இல்லை. பி.எச்.டி.யில் டிசர்டேஷன், டி.என்.பி.யில் 'டி.என்.பி. புராஜெக்ட்'. கேப்ஸ்டோன் என்றும் சிலர் சொல்வார்கள். ஓர் இடத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்து, ஏற்கெனவே நிரூபணமான ஒரு தீர்வைக் கொண்டுவந்து நடத்தி, பலன் இருந்ததா என்று அளந்து காட்ட வேண்டும்.

என் புராஜெக்டையே சொல்கிறேன். அப்போது ஒரு சிறிய கிளினிக்கில் வேலை. சர்க்கரை நோயாளிகள் அதிகம். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவர்கள் பாதத்தை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற ஒரு கருவி; பிளாஸ்டிக் பிடியில் மீன் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். பாதத்தில் அங்கங்கே இழை வளையும் அளவுக்கு அழுத்துவோம். உணர்ந்தால் 'ம்' என்பார். உணர்வு போன இடத்தில் சத்தம் வராது. ஊசி குத்தினாலும் தெரியாத பாதம் அது; அங்கே ஒரு சின்னக் கொப்புளம் போதும், விரலை எடுக்கும் நிலைமை வரைக்கும் போகலாம்.

மொத்தமே சில நிமிட வேலை. ஆனால் நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டினால் பாதிக்குப் பாதி செய்யப்படாமல் இருந்தது. ஏன்? கட்டுரைகளைத் தேடுவதற்கு முன் ஒரு வாரம் அறை வாசலில் நின்று பார்த்தேன். காரணம் ஷூ. எழுபது வயதுக்காரர் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருப்பார், காலில் லேஸ் கட்டிய ஷூ, உள்ளே கால் வீக்கத்துக்கான இறுக்கமான சாக்ஸ். நமக்கு இருப்பது 15 நிமிடம். குனிந்து கழற்றி மாட்டவே அதில் பாதி போய்விடும். 'அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்' என்று வாயில் தானாக வந்துவிடுகிறது. நானே சொல்லியிருக்கிறேன்.

மாற்றம் என்னவென்றால், மெடிக்கல் அசிஸ்டென்ட் பிரஷர் பார்க்கும்போதே ஷூவையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லிவிடுவது. புதிய யோசனை ஒன்றுமில்லை, பலரும் முன்பே செய்து எழுதிய விஷயம்தான். அறை வாசலில் ஒரு படம், தரையில் கால் வைக்க ஒரு காகித விரிப்பு, அவ்வளவுதான் செலவு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணி ஒரு கோட்டுப் படத்தில் புள்ளி வைத்தேன். கோடு ஏறியது, எனக்கும் தலைகால் புரியவில்லை. பிறகு தடாலென்று விழுந்தது. விசாரித்தால், அந்த அசிஸ்டென்ட் விடுப்பில் போயிருந்தார், பதிலுக்கு வந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. அன்றுதான் எனக்குப் புரிந்தது: நான் கிளினிக்கை மாற்றவில்லை, ஒரு நல்ல பெண்ணின் பழக்கத்தை மாற்றியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் அவர்கள் நிரப்பும் பட்டியலிலேயே 'ஷூ கழற்றப்பட்டதா' என்று ஒரு வரி சேர்க்க வைத்த பிறகுதான் கோடு விழாமல் நிலைத்து நின்றது.

இந்தச் சுற்றுக்குப் பெயர் பி.டி.எஸ்.ஏ.: திட்டமிடு, செய்து பார், ஆராய், திருத்து. வகுப்பில் படம் வரைந்து சொன்னபோது குழந்தைப் பாடம் போலத்தான் இருந்தது. அந்த விழுந்த புள்ளி வந்த பிறகுதான் அது எனக்குப் பாடமானது.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சின்னதாக எடுங்கள். 'தமிழர்களிடையே சர்க்கரை நோய் விழிப்புணர்வு' என்று ஒரு தங்கை வந்தாள். ஒரு பருவத்தில் அதை எப்படி அளப்பாய் என்று கேட்டேன், பதில் இல்லை. ஒரு வார்டு, ஒரு பழக்கம், எண்ணக்கூடிய ஒன்று. மேலாளருக்கும் அதில் அக்கறை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது வாரம் உங்கள் காகிதங்கள் குப்பைக்கூடையில் இருக்கும். அந்த மேலாளர் வேலையை விட்டுப் போனாலும் புராஜெக்ட் நிற்காதபடி இன்னொருவரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெறிமுறைக் குழு அனுமதி வேண்டுமா?

ஐ.ஆர்.பி. எனப்படும் அந்தக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான புராஜெக்ட்களை 'இது தர மேம்பாடு, மனிதர்கள் மீதான ஆராய்ச்சி அன்று' என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அந்த முடிவைச் சொல்ல வேண்டியது அவர்கள்தான். நீங்களே முடிவு செய்துகொண்டு ஆரம்பிக்கக்கூடாது. கல்லூரி ஒரு பக்கம், மருத்துவமனை ஒரு பக்கம் என்று இரண்டு குழு இருந்தால் இரண்டிலும் கேட்க வேண்டும். ஒரு பருவம் கூட்டச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

முழுக்க ஆன்லைனில் படிக்க முடியுமா?

எம்.எஸ்.என்.னுக்குப் பிறகான டி.என்.பி. பல இடங்களில் ஆன்லைன்தான், ஆண்டுக்கு ஓரிரு முறை நேரில் போக வேண்டியிருக்கலாம். பயிற்சி மணி நேரம் உங்கள் ஊரில் நேரில்தான். பார்க்க வேண்டியது இரண்டு. முதலில் அங்கீகாரம்: சி.சி.என்.இ., ஏ.சி.இ.என். போன்ற நர்சிங் படிப்பு அங்கீகார அமைப்பு ஒன்றின் ஒப்புதல் அந்தக் குறிப்பிட்ட டி.என்.பி. படிப்புக்கே இருக்க வேண்டும். கல்லூரிக்குப் பொதுவாக இருப்பது போதாது. அப்புறம், உங்கள் மாநிலத்தில் பயிற்சி நடத்த அந்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டா என்பது. பாதியில் வேறு மாநிலத்துக்கு வீடு மாற்றிவிட்டு, படிப்பைத் தொடர முடியாமல் நின்றவர்களை அறிவேன்.

செலவு?

கல்லூரிக்குக் கல்லூரி மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பாட அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள்: எம்.எஸ்.என்.னுக்குப் பின் 30 முதல் 40 கிரெடிட், பி.எஸ்.என்.னிலிருந்து நேராக என்றால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கிரெடிட் கட்டணத்தால் பெருக்கி, அதோடு 'கிளினிக்கல் கட்டணம்', 'தொழில்நுட்பக் கட்டணம்' என்று ஒளிந்திருப்பவற்றையும் கூட்டுங்கள். சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகம்தான் பெரும்பாலும் மலிவு.

உங்களுக்கு வேலை தரும் மருத்துவமனை படிப்புக் கட்டணத்தில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கொடுத்தால் அதற்கு உங்களுக்கு வருமான வரி கிடையாது. பதிலுக்கு இத்தனை வருடம் இங்கேயே இருக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குவார்கள், படித்துப் பார்த்துப் போடுங்கள். நர்சிங் ஆசிரியராகப் போக எண்ணினால் மத்திய அரசின் ஆசிரியர் கடன் திட்டம் ஒன்று உண்டு. அதில் சேர்ந்துள்ள கல்லூரிகளில் படித்து, பிறகு நான்கு ஆண்டு முழுநேரம் பாடம் நடத்தினால் கடனில் 85 விழுக்காடு வரை தள்ளுபடி.

மத்திய அரசுக் கல்விக் கடனில் 2025ல் வந்த சட்டம் கணக்கை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு, மேற்படிப்புக்கென்று இருந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. சாதாரண மேற்படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 என்று வரம்பு. 'தொழில்முறைப் பட்டம்' என்றால் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. கல்வித் துறை முன்வைத்த தொழில்முறைப் பட்டங்களின் வரையறையில் மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் எல்லாம் இருக்கின்றன, நர்சிங் இல்லை. நர்சிங் அமைப்புகள் கொதித்துப்போனதற்கு நியாயம் உண்டு. அதிகம் அடிபடுவது வேலைக்கே போக முடியாத மயக்க மருந்து மாணவர்கள். மத்திய அரசுக் கடன் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சம்பளம் கூடுமா?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 கணக்குப்படி ஆர்.என். ஆண்டுச் சம்பளத்தின் இடைமதிப்பு 93,600 டாலர். நர்ஸ் பிராக்டிஷனர், மகப்பேறு நர்ஸ், மயக்க மருந்து நர்ஸ் மூன்றையும் சேர்த்தால் 1,32,050. இந்த ஏற்றம் பணியால் வருவது. எம்.எஸ்.என். படித்த நர்ஸ் பிராக்டிஷனருக்கும் டி.என்.பி. படித்தவருக்கும் தனித்தனிக் கணக்கை அந்தத் துறை தருவதில்லை. பக்கத்துப் பக்கத்து அறையில் இருவரும் ஒரே சம்பளத்துக்கு ஒரே நோயாளிகளைப் பார்ப்பது சர்வ சாதாரணம். என் சம்பளம் பட்டம் வாங்கிய வருடம் ஒரு டாலர்கூட ஏறவில்லை. பின்னால் தர மேம்பாட்டுப் பொறுப்புக்கு மாறியபோது ஏறியது. அந்த வேலைக்குப் பட்டம் கேட்டிருந்தார்கள்.

ஏற்கெனவே நர்ஸ் பிராக்டிஷனராக இருந்து, நோயாளி பார்ப்பதிலேயே மனநிறைவு இருக்கிறவர்கள் சொந்தப் பணம் போட்டு டி.என்.பி. படிக்க அவசரப்பட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். நிர்வாகம், கற்பித்தல், ஒரு பெரிய மருத்துவமனையின் நடைமுறையைத் திருத்தும் இடம், இதில் ஏதோ ஒன்று இழுக்கிறது என்றால் படியுங்கள்.

டி.என்.பி. இருந்தால் மருத்துவர் மேற்பார்வையில்லாமல் கிளினிக் வைக்கலாமா?

அதை முடிவு செய்வது மாநிலச் சட்டம், பட்டம் இல்லை. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் தனித்து இயங்கலாம். டெக்சாஸில் மருத்துவரோடு ஒப்பந்தம் வேண்டும், டாக்டரேட் வைத்திருந்தாலும் வேண்டும்.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ளலாமா?

வாங்கிய பட்டம் டாக்டரேட், அதில் சந்தேகமில்லை. ஆனால் நோயாளி முன்னால் போய் நின்று 'நான் டாக்டர்' என்பது வேறு. பல மாநிலங்களில் இதற்குச் சட்டம் உண்டு. கலிபோர்னியாவில் தன்னை டாக்டர் என்று அறிமுகப்படுத்தி வந்த ஒரு நர்ஸ் பிராக்டிஷனர் 2022ல் ஏறத்தாழ 20,000 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. அந்தச் சட்டத்தை எதிர்த்து டி.என்.பி. படித்த மூன்று நர்ஸ்கள் 2023ல் வழக்குப் போட்டார்கள். 2025ல் மத்திய மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை.

நான் கிளினிக்கில் முதல் பெயரும் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்பதும் சொல்லி அறிமுகம் செய்துகொள்வேன். வகுப்பறையில் மாணவர்கள் டாக்டர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். ஊரில் அம்மா மட்டும் 'எம் பொண்ணு டாக்டராயிட்டா' என்று பால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டார். அதைத் திருத்தப் போய், 'அப்போ இன்னும் சிஸ்டர்தானா?' என்று அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகு விட்டுவிட்டேன்.

நான் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். நேரே டி.என்.பி.யில் சேர முடியுமா?

முதலில் அமெரிக்க ஆர்.என். லைசென்ஸ். சான்றிதழ்களை மதிப்பீடு செய்ய வேண்டும். அதைச் செய்யும், பலருக்கும் தெரிந்த சி.ஜி.எஃப்.என்.எஸ். அமைப்பு இப்போது ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. அப்புறம் ஆங்கிலத் தேர்வு, என்கிளெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வு. லைசென்ஸ் இல்லாமல் உங்களை நோயாளி அருகில் விட மாட்டார்கள், ஆகவே பயிற்சி மணி நேரமும் இல்லை.

ஜி.என்.எம். டிப்ளமோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் இளநிலைப் பட்டமாக ஏற்க மாட்டார்கள். ஆர்.என். ஆன பிறகு, பி.எஸ்.என். முடிக்க ஏறத்தாழ ஓராண்டு ஆன்லைன் படிப்புகள் உண்டு. ஊரில் எம்.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் கவனிக்க: அந்தப் பட்டம் மதிப்பீட்டில் முதுநிலையாக வந்தாலும் உங்களை நர்ஸ் பிராக்டிஷனர் ஆக்காது. நிர்வாகத் தலைமைக்கான டி.என்.பி.க்கு அது உதவலாம். நோயாளி பார்க்கும் பாதைக்கு அந்தப் பயிற்சி மணி நேரத்தை இங்கேதான் செய்ய வேண்டும்.

மாணவர் விசாவில் வரலாமா?

எஃப்-1 விசாவுக்கு ஆன்லைன் படிப்பு உதவாது. ஒரு பருவத்தில் ஒரு பாடத்துக்கு மேல் ஆன்லைனில் எடுத்தால் அது முழுநேரப் படிப்புக் கணக்கில் சேராது. நேரில் நடத்தும் டி.என்.பி. தேட வேண்டும், கட்டணம் முழுக்கக் கைக்காசு. பெரும்பாலோர் வருவது வேலை வழி இ.பி.-3 கிரீன் கார்டில்தான். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பத்தாண்டுக்கு மேல் நீண்டிருக்கிறது. கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்தவராக இருந்தால் அந்த நாட்டு வரிசையில் நிற்கலாம். இலங்கையில் பிறந்த தமிழர்களுக்கு இந்திய வரிசை பொருந்தாது, காத்திருப்பும் மிகக் குறைவு. பலருக்கு இது தெரிவதில்லை.

படித்துவிட்டு இந்தியா திரும்பினால் பயன் உண்டா?

பட்டமாக யோசித்தால் தயங்குவேன். இந்தியாவில் நர்சிங் முனைவர் பட்டம் என்றால் பி.எச்.டி.; கல்லூரிப் பதவிகளும் அதையே எதிர்பார்க்கின்றன. பணி சார்ந்த உயர்படிப்பாக அங்கே வந்திருப்பது தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, இரண்டு ஆண்டு முழுநேர உறைவிடப் பயிற்சி, முதுநிலை அளவில். 1947ன் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023ல் தேசிய நர்சிங், மகப்பேறு ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. ஊரில் ஆசிரியர் ஆவதுதான் நோக்கம் என்றால் பி.எச்.டி. பாதையையே பாருங்கள். தர மேம்பாட்டுப் பிரிவு வைத்திருக்கும் பெரிய மருத்துவமனை வேலை என்றால் கற்றது கை கொடுக்கும், அந்த மூன்றெழுத்து கொடுக்காது.

வேலை, வீடு, படிப்பு மூன்றையும் சமாளிக்க முடியுமா?

வாரத்துக்கு 15 முதல் 20 மணி நேரம் படிப்புக்குப் போகும் என்று வையுங்கள். நான் மூன்று 12 மணி நேர ஷிஃப்டை அடுத்தடுத்து வைத்துக்கொண்டு மீதி நாளில் உட்கார்ந்தேன். வீட்டில் மாவு அரைப்பது நின்று கடை மாவு வந்தது. மாமியார் ஆறு மாதம் வந்திருந்தது பெரிய பாக்கியம். அவர் விசா முடிந்து கிளம்பிய பருவத்தில்தான் ஒரு பாடத்தைக் கைவிட்டேன். அப்படி ஒரு பருவத்தைத் தள்ளிப்போட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் அடுத்து அந்தப் பாடம் எப்போது நடக்கும் என்று கேட்டுவிட்டுத் தள்ளுங்கள். சில பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான்.

சேர்வதற்கு முன் கல்லூரியிடம் என்ன கேட்க வேண்டும்?

பிரிசெப்டரை யார் தேடுவது? நானே தேட வேண்டும் என்றால், கிடைக்காத பருவத்துக்குக் கட்டணம் உண்டா? சென்ற மூன்று ஆண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள்? புராஜெக்ட் வழிகாட்டிக்கு ஒரே சமயத்தில் எத்தனை மாணவர்கள்? அவர் வேலையை விட்டுப் போனால் என்ன ஏற்பாடு? என் பழைய மணி நேரத்தில் எத்தனையை ஏற்பீர்கள்? இவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் மின்னஞ்சலிலேயே வரட்டும். போனில் இனிக்க இனிக்கப் பேசிய அந்தச் சேர்க்கை ஆலோசகர் உங்கள் இரண்டாவது பருவத்தில் அங்கே வேலையில் இருக்க மாட்டார்.